ராஷ்டிரபதி பவனை வாசல்ல நின்னு பாக்காதீங்க, தெருமுனையில இருந்து நடந்து வாங்க

டெல்லி டூர்ல ஜனாதிபதி குடியிருக்கற ராஷ்டிரபதி பவன்னா பொதுவா அஞ்சு நிமிஷ ஸ்டாப்தான், வண்டி மேட்டுல ஏறி நிக்கும், எல்லாரும் இறங்கி இரும்பு கேட்டுக்கு முன்னாடி குடும்பத்தோட ஒரு போட்டோ எடுப்போம், டிரைவர் நேரமாச்சுன்னு ஹாரன் அடிப்பார், அடுத்து குதுப் மினார். முதல் தடவ நானும் அப்படித்தான் பாத்தேன், திரும்பி வந்து யோசிச்சா அந்த கேட்டு மட்டும்தான் ஞாபகத்துல இருந்துச்சு. ரெண்டாவது தடவ எங்க சித்தப்பா கூட வந்தார், வாழ்க்கை பூரா மேஸ்திரி வேலை பாத்தவர், ஆட்டோவை மேட்டுக்கு விடச் சொன்னப்ப வேணாம்னு தடுத்துட்டார். "பெரிய வீட்டை வாசல்ல நின்னு பாத்தா கதவுதான்டா தெரியும், தெருமுனையில இருந்து நடந்து வந்தாத்தான் வீடு தெரியும்"னு சொன்னார். அன்னைக்கு அவர் கூட நடந்துதான் அந்த கட்டடத்தை நான் உண்மையிலேயே பாத்தேன். அதுக்கப்புறம் போன ஒவ்வொரு தடவையும் அதே மாதிரிதான் பாக்கறேன், யாராவது டெல்லி போறேன்னு சொன்னா இதையேதான் சொல்லி அனுப்பறேன், இப்ப எல்லாருக்கும் சேத்து எழுதிட்டேன்.

போறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உள்ள போய் பாக்கணும்னா ராஷ்டிரபதி பவனோட சொந்த வெப்சைட்லயே ஸ்லாட் புக் பண்ணிக்கலாம், கட்டணம் ரொம்ப கம்மி, ஐடி கார்டு ஒரிஜினல் கையில இருக்கணும். திங்கட்கிழமையும் அரசு விடுமுறை நாளும் மூடியிருக்கும், அதோட வெளிநாட்டுத் தலைவர் யாராவது வந்தா திடீர்னு ஸ்லாட் இல்லாம போயிடும், அதனால டிரெயின் டிக்கெட் போட்ட உடனேயே இதையும் பாத்துடுங்க, கடைசி நாளுக்கு வைக்காதீங்க. ஜனவரியில குடியரசு தின ஒத்திகை நடக்கும், பாதி ரோடு அடைச்சிருப்பாங்க, நடக்கவே விடமாட்டாங்க, அந்த மாசத்தை முடிஞ்சா தவிர்த்துடுங்க. பிப்ரவரி மார்ச்ல போனா பின்னாடி இருக்கற தோட்டமும் திறந்திருக்கும், வெயிலும் தாங்கும்.

இதைவிட முக்கியமான விஷயம் நேரம். அந்த வீடு கிழக்கு பாத்தது. அப்ப காலையிலதான் முகத்துல வெளிச்சம் விழும், சாயங்காலம் போனா சூரியன் கட்டடத்துக்குப் பின்னாடி போயிடும், போட்டோல வெறும் கருப்பா வரும். காலையில ஏழு எட்டு மணிக்கு இந்தியா கேட் பக்கத்துல நிக்கற மாதிரி பிளான் பண்ணுங்க.

நடை இப்படி ஆரம்பிக்கணும்

இந்தியா கேட்டை முதுகுக்கு விட்டுட்டு மேற்கு பாத்து நில்லுங்க. நேரா ஒரே ரோடு, பழைய பேர் ராஜபாதை, 2022 செப்டம்பர்ல கர்தவ்ய பாதைன்னு மாத்தினாங்க. ரெண்டு பக்கமும் புல்வெளி, வாய்க்கால், வரிசையா நாவல் மரம். ரோடு போய் முடியற இடத்துல ஒரு குவிமாடம் தெரியும், அதுதான் வீடு, அங்க வரைக்கும் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர். குவிமாடத்துக்குக் கீழ நல்லா உத்துப் பாருங்க, தூண் வரிசை ஒண்ணு மெல்லிசா தெரியும். கையை நீட்டி கட்டைவிரலை குவிமாடத்துக்குப் பக்கத்துல பிடிச்சு, குவிமாடம் எவ்ளோ, அதுக்கு கீழ கட்டடம் எவ்ளோ தெரியுதுன்னு மனசுல குறிச்சுக்கோங்க. ஒரு சின்ன நோட்டு இருந்தா கோடு போட்டே வச்சுக்கோங்க, நான் அப்படித்தான் செய்வேன்.

இப்ப நடங்க. கால் மணி நேரத்துக்கு ஒருக்கா நின்னு அதே மாதிரி கட்டைவிரலை பிடிச்சு பாருங்க. சாதாரணமா ஒரு கட்டடத்துக்கு கிட்ட போகப் போக அது பெருசாகணும், இல்லையா? இங்க வேற ஒண்ணு நடக்கும். கிட்ட போகப் போக கீழ இருந்து கட்டடம் மறைய ஆரம்பிக்கும், முதல்ல தூணோட அடி போகும், அப்புறம் தூணே போகும், அப்புறம் கூரை ஓரம். மேடு ஆரம்பிக்கற விஜய் சவுக் வந்து நிக்கறப்ப இவ்ளோ பெரிய வீட்டுல குவிமாடம் மட்டும்தான் மேட்டு விளிம்புக்கு மேல எட்டிப் பாத்துட்டு இருக்கும். சித்தப்பா அங்க நின்னு ரெண்டு தடவ முன்னாடி பின்னாடி நடந்து பாத்தார், அப்புறம் என்கிட்ட "யாரோ மட்டம் எடுத்ததுல சண்டை நடந்திருக்குடா"ன்னார். அவருக்கு அந்த கதை எதுவுமே தெரியாது.

சண்டை நிஜமாவே நடந்துச்சு. 1911 டிசம்பர் 12ஆம் தேதி டெல்லி தர்பார்ல அஞ்சாம் ஜார்ஜ் மன்னர் தலைநகரை கல்கத்தாவுல இருந்து டெல்லிக்கு மாத்தறதா அறிவிச்சார். பிரிட்டிஷ் மன்னரோட பிரதிநிதியான வைஸ்ராய் தங்கற வீட்டை, அதாவது இன்னைக்கு ராஷ்டிரபதி பவனை, வடிவமைக்க எட்வின் லுட்யன்ஸ், அதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் வர்ற செகரட்டேரியட் கட்டடத்துக்கு ஹெர்பர்ட் பேக்கர். ஆரம்பத்துல ரைசினா மேட்டு உச்சியில வைஸ்ராய் வீடு மட்டும், செகரட்டேரியட் கீழன்னுதான் யோசனை. பேக்கர் தன்னோட கட்டடமும் அதே மேட்டு மேல அதே மட்டத்துல இருக்கணும்னு வாதாடி வாங்கிட்டார், லுட்யன்ஸும் சரின்னு கையெழுத்து போட்டார். அதனால வீடு மேற்கே பின்னாடி தள்ளிப் போயிடுச்சு. வேலை நடக்க ஆரம்பிச்சதும்தான் லுட்யன்ஸுக்கு விஷயம் உறைச்சுது, மேடு ஏறற ரோட்டோட சரிவு வீட்டை மறைக்குது. நம்ம வீட்டு மொட்டை மாடியில தண்ணி டேங்க் இருக்கில்ல, தெருவுல தள்ளி நின்னா டேங்க் முழுசா தெரியும், சுவரை ஒட்டி வந்தா பாராபெட் மறைச்சிடும், அதே கணக்குதான். டேங்க்கை விளிம்புல வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும், உள்ள தள்ளி வச்சதால போச்சு.

சரிவு 22.5 அடிக்கு 1 அடி ஏத்தம்னு முடிவாகியிருந்துச்சு. லுட்யன்ஸ் மேட்டை வெட்டி இன்னும் தாழ்வா, நீளமா எடுத்துட்டுப் போகணும்னு வருஷக்கணக்கா போராடினார், செலவு ஜாஸ்தின்னு சொல்லி மறுத்துட்டாங்க. நெப்போலியன் தோத்துப் போன வாட்டர்லூ மாதிரி எனக்கு பேக்கர்லூ வாய்ச்சிருச்சுன்னு லுட்யன்ஸ் சொன்னது பிரபலம், ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த பழைய சிநேகம் இதுலயே முறிஞ்சு போச்சு.

என் கருத்து என்னன்னா லுட்யன்ஸ் கோவப்பட்டது நியாயம், ஆனா அந்த தப்பால நமக்கு ஒரு நல்லது நடந்திருக்கு. இதுக்கு அடுத்த கொஞ்ச தூர நடைதான் மொத்தத்துலயும் எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். விஜய் சவுக்ல இருந்து சரிவுல ஏறுங்க, கண்ணை குவிமாடத்து மேலயே வச்சுக்கோங்க, பேசாம நடங்க. மறைஞ்சதெல்லாம் மேல இருந்து கீழா திரும்பி வரும், குவிமாடம், அதுக்கு கீழ கூரை, நிழல் கோடு, தூண் தலை, தூண், கடைசியா படிக்கட்டு. ஒரு பெரிய மனுஷர் உக்காந்திருந்த இடத்துல இருந்து மெதுவா எழுந்து நிக்கற மாதிரி இருக்கும். ஆட்டோல போனா அரை நிமிஷத்துல தாண்டிடுவீங்க. சில நாள் பாதுகாப்புக்காக மேட்டுல நடக்க விடாம போலீஸ் நிறுத்துவாங்க, அப்படின்னா வாதாடாதீங்க, விஜய் சவுக்லயே நின்னு முன்னாடி பின்னாடி நடந்து அந்த மறையற பாதியையாவது பாத்துடுங்க.

ஏறறப்ப ரெண்டு பக்கமும் இருக்கறது பேக்கரோட நார்த் பிளாக், சவுத் பிளாக். இதுக்கு ரொம்ப நேரம் வேண்டாம், ஒரே ஒரு விஷயம் கவனிங்க, ரெண்டுலயும் அடிப்பகுதி சிவப்பு கல்லு, மேல க்ரீம் கல்லு. வீட்டுலயும் அதேதான். ராஜஸ்தான் பக்கம் தோல்பூர், பரத்பூர்ல இருந்து வந்த மணற்கல். நம்ம ஊர்ல செவுத்து அடியில ரெண்டு மூணு அடி டார்க் பெயின்ட் அடிச்சு விடுவோம்ல, மழை தெறிச்சா அழுக்கு தெரியக் கூடாதுன்னு, பாக்கறதுக்கு அந்த மாதிரி. ஆனா இங்க அதுக்கு வேற ஒரு வேலையும் இருக்கு, மூணு கட்டடத்தையும் ஒரே சிவப்பு பீடத்து மேல தூக்கி வச்ச மாதிரி சேத்துக் கட்டுது. அந்த சிவப்பு மண்ணோட ஒட்டிப் போயிடும், க்ரீம் பாகம் வானத்தோட சேந்து லேசா தெரியும்.

கேட்டுல நிக்கறப்ப குவிமாடத்தை பாக்காதீங்க

கேட்டுக்கு வந்ததும் எல்லார் கண்ணும் குவிமாடத்துக்குத்தான் போகும், அதை கடைசிக்கு வைங்க. முதல்ல கூரைக்குக் கொஞ்சம் கீழ நீளமா ஓடுற அந்த கருப்புக் கோட்டை பாருங்க. பெயின்ட்னு நினைச்சுடாதீங்க, அது வெறும் நிழல். கல்லுல ஒரு மெல்லிசான பலகை மாதிரி கட்டடத்தை சுத்தி வெளியே நீட்டி விட்டிருக்காங்க, வடக்கே அதுக்கு சஜ்ஜான்னு பேரு, நம்ம சன்ஷேடோட பெரியண்ணன். எட்டு மணிக்கு பாத்தா வெயில் நேரா முகத்துல அடிக்கும், நிழல் மெல்லிசு. பத்து பதினொரு மணிக்கு சூரியன் ஏற ஏற அந்த நிழல் செவுத்துல இறங்கி வரும், ஜன்னலை மூடும், தூணோட தலையை மூடும். ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு ரெண்டு போட்டோ எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, கட்டடமே வேற முகமா இருக்கும். டெல்லியில ஜூன் மாசம் நடுமதியத்துல சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேல நிக்கும், அந்த வெயிலுக்கும் அடுத்து வர்ற மழைக்கும் சேத்து செஞ்ச ஏற்பாடு இது. இந்த சஜ்ஜா இல்லாம அதே கட்டடத்தை நினைச்சுப் பாருங்க, ஐரோப்பாவுல எங்க வேணா நிக்கற ஒரு அரண்மனை ஆயிடும்.

சித்தப்பா இந்த இடத்துலதான் ரொம்ப நேரம் நின்னார். நெத்தியில கையை வச்சு கண்ணுக்கு நிழல் கட்டிட்டு பாத்தவர், கையை எடுக்காமலேயே "வீடும் இப்படித்தான் கை வச்சு பாக்குது"ன்னார். அப்புறம் ஆவுடையார்கோயில் பேச்சை எடுத்துட்டார், அங்க கொடுங்கைன்னு கூரை ஓரத்துல கல்லையே மரச்சட்டம், கம்பி, ஆணி வரைக்கும் செதுக்கி மெல்லிசா வளைச்சு நீட்டி விட்டிருப்பாங்க, அந்தக் காலத்து சிற்பிங்க வேலைக்கு ஒப்பந்தம் போடறப்ப ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலா மத்த எது வேணா செஞ்சு தர்றோம்னு எழுதுவாங்களாம். அதைப் பாத்த கண்ணுக்கு இந்த சஜ்ஜா ரொம்ப எளிமையாத்தான் இருக்கும், ஒரு பூ கூட இல்ல. ஆனா ரெண்டோட வேலையும் ஒண்ணுதான், வெயிலையும் தண்ணியையும் செவுத்துக்கிட்ட வராம தள்ளி நிறுத்தறது. அடுத்த தடவ நம்ம கோயில்ல கொடுங்கைக்கு கீழ நிக்கறப்ப இதை ஞாபகப்படுத்திக்கோங்க.

அடுத்து கூரை மேல பாருங்க. சின்னச் சின்ன குடை மாதிரி மண்டபங்கள் தெரியும், அது சத்ரி, ராஜஸ்தான் கோட்டையில எல்லாம் பாத்திருப்பீங்க. ஜன்னல்ல சில இடத்துல கல்லுலயே சல்லடை போட்ட மாதிரி இருக்கும், அது ஜாலி, காத்து வரும், வெயில் வராது. சஜ்ஜா, சத்ரி, ஜாலி இந்த மூணையும் கண்டுபிடிச்சிட்டீங்கன்னா இந்திய பங்கு எதுன்னு பிடிச்சாச்சு. குழந்தைங்க கூட வந்தா இந்த மூணையும் தேடற வேலையை அவங்ககிட்ட குடுத்துடுங்க, போரடிக்காம பாப்பாங்க.

இப்ப இங்க என்ன இல்லைன்னு பாக்கணும், இது கொஞ்சம் கஷ்டம். சென்னை ஹைகோர்ட்டை மனசுக்குள்ள கொண்டு வாங்க, ஹென்றி இர்வின் காலத்து கட்டடம், 1892ல திறந்தது, செங்கல் சிவப்பு, வெங்காய குவிமாடம், கூர் வளைவு, மினார், கண்ணு நிக்க இடமில்லாம அவ்ளோ வேலை. இந்த வீட்டுல கூர் வளைவே கிடையாது. வளைவு வர்ற இடத்துல எல்லாம் அரைவட்டம்தான், மீதி எல்லாம் நேர்கோடு. வைஸ்ராய் ஹார்டிஞ்ச் இந்திய அம்சம் இருந்தே ஆகணும்னு நின்னார், லுட்யன்ஸுக்கோ கூர் வளைவு மேல வெறுப்பு, இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய அம்சங்களைக் கலந்த சென்னை பாணி இந்தோ சாரசெனிக் அவருக்கு பிடிக்கவே பிடிக்காது. நம்ம கட்டடக்கலையை பத்தி மனைவிக்கு எழுதின லெட்டர்ல எல்லாம் மட்டமாத்தான் எழுதியிருக்கார், அதை மறைக்க வேண்டியதில்ல. அப்படிப்பட்டவர் கட்டின வீட்டுல இருந்து இப்ப பாத்த அந்த மூணு இந்திய சாமானையும் எடுத்துட்டா முகமே இருக்காது. கட்டடம் ஆர்கிடெக்ட்டோட பேச்சை விட நேர்மையா இருக்குன்னுதான் நான் நினைக்கறேன்.

தூணுக்கு வருவோம். முகப்புல 12 பெரிய தூண், இடைவெளி எல்லாம் ஒரே அளவு இல்ல, எண்ணிப் பாத்து கவனிங்க. தூணோட தலையில நாலு மூலையிலயும் ஒரு சின்ன மணி தொங்கற மாதிரி கல்லுலயே செதுக்கியிருக்கும், ஜூம் பண்ணா கேட்டுல இருந்தே தெரியும். கிரேக்கத்துல டோரிக், அயோனிக்னு தூண் பாணிக்கு பேரு இருக்கற மாதிரி இதுக்கு டெல்லி ஆர்டர்னே பேரு வச்சாங்க. இதே மணி யோசனை கர்நாடகாவுல மூடபித்ரி சமணக் கோயில் தூண்லயும் இருக்கு. மணி அடிச்சா ஆட்சி கவிழும்னு ஒரு பழைய நம்பிக்கை, கல்லு மணி அடிக்கவே அடிக்காதுல்ல, அதனால ஆட்சி நிலைக்கும்னு வச்சாங்கன்னு கதை சொல்லுவாங்க. 1931 பிப்ரவரியில புது டெல்லியை திறந்தாங்க, 1947 ஆகஸ்ட்ல சுதந்திரம், நடுவுல 16 வருஷம், அஞ்சே அஞ்சு வைஸ்ராய்தான் அந்த வீட்டுல குடியிருந்தாங்க.

கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒத்தையா நிக்கற தூண் ஜெய்ப்பூர் தூண், 145 அடி, ஜெய்ப்பூர் மகாராஜா மாதோ சிங் குடுத்தது. உச்சியில வெண்கலத் தாமரை, அதுக்கு மேல கண்ணாடி நட்சத்திரம். வெயில் விழற கோணத்துல நின்னா நட்சத்திரம் பளிச்சுன்னு அடிக்கும். போட்டோ எடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, தூணும் குவிமாடமும் ஒரே நேர்கோட்டுல வரும், கொஞ்சம் பக்கவாட்டுல நகர்ந்தாத்தான் ரெண்டும் தனித்தனியா கிடைக்கும்.

இப்ப குவிமாடம்

ஒரு கையால குவிமாடத்தை மறைங்க. கீழ இருக்கற கட்டடம் படுத்த மாதிரி நீளமா, அமைதியா இருக்கும். கையை எடுங்க, உடனே கம்பீரம் வந்துடும். வீட்டோட மொத்த உயரத்தையும் இழுத்துப் பிடிக்கறது அது ஒண்ணுதான்.

அதுலயும் அடுக்கடுக்கா பாருங்க. மேல இருக்கறது செம்புத் தகடு போத்தின பெரிய மொட்டை குவிமாடம், தாஜ்மஹால் மாதிரி வெங்காய வடிவம் இல்ல, கவுத்து வச்ச பானை மாதிரி. அதைத் தாங்கற வட்டச் சுவர்ல கல்லுலயே குறுக்கும் நெடுக்குமா வேலி மாதிரி வேலைப்பாடு தெரியும். சாஞ்சி ஸ்தூபியோட படத்தை ஃபோன்ல எடுத்து பக்கத்துல வச்சுக்கோங்க, ஸ்தூபியை சுத்தி ஒரு கல்வேலி ஓடும்ல, அதேதான் இங்க வானத்துல ஏறி உக்காந்திருக்கு. நாலு மூலையிலயும் எண்கோணமா சின்ன கோபுரம். ரோம்ல இருக்கற பாந்தியன் குவிமாடத்தோட சாயலும் இருக்கு, அதை உள்ள போனாத்தான் உணர முடியும். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின பௌத்த ஸ்தூபியும், ரோமானியக் கோயிலும் ஒரே குவிமாடத்துல சண்டை போடாம இருக்கறது சாதாரண விஷயம் இல்ல.

கூரை மேல ரெண்டு ஓரத்துலயும் தட்டு மாதிரி வட்டமா ஏதோ தெரியும், அது நீரூற்று, கல்லுல செஞ்ச பெரிய கிண்ணம். டெல்லி வெயில்ல மொட்டை மாடியில தண்ணியை வழிய விட்டு பாக்கணும்னு லுட்யன்ஸுக்கு தோணியிருக்கு.

உள்ள போறப்ப

உள்ள போட்டோ எடுக்க விட மாட்டாங்க, கைடு வேற வேகமா கூட்டிட்டுப் போவார். நாலு மாடி, 340 அறை, 2.5 கிலோமீட்டர் வராந்தா இருக்கற வீடு, நமக்கு காட்டறது அதுல கொஞ்சம்தான். எல்லாத்தையும் பாக்கணும்னு பறக்காதீங்க, என்ன பாக்கறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு போங்க.

குவிமாடத்துக்கு நேர் கீழ இருக்கற வட்ட மண்டபம் முதல்ல. பழைய பேர் தர்பார் ஹால், 2024 ஜூலையில கணதந்திர மண்டபம்னு மாத்தினாங்க. நுழைஞ்சதும் எல்லாரும் அண்ணாந்து சரவிளக்கை பாப்பாங்க, நீங்க முதல்ல தரையை பாருங்க, இத்தாலியில இருந்து வந்த சாக்லேட் கலர் பளிங்கு. அப்புறம் தூண், ஜெய்சல்மர்ல இருந்து வந்த மஞ்சள் பளிங்கு. அப்புறம்தான் மேல. இந்த வரிசையில பாத்தா தரையோட இருட்டுல இருந்து கண்ணு ஏறி வெளிச்சத்துக்கு போகும், வெளிய சிவப்புல இருந்து க்ரீமுக்கு ஏறின மாதிரியே. எதிர்ல குப்தர் காலத்து புத்தர் நின்ன கோலத்துல இருப்பார், ஆசி குடுக்கற கையோட. அவருக்கு முன்னாடி நின்னு வாசல் பக்கம் திரும்புங்க. வாசல், ஜெய்ப்பூர் தூண், நீங்க காலையில நடந்து வந்த ரோடு, இந்தியா கேட், எல்லாம் ஒரே நேர்கோடு. இந்த இடத்துல நிக்கறப்பதான் அந்த 3 கிலோமீட்டரை நடந்தே வந்தது எவ்ளோ நல்லதுன்னு தெரியும், கால்ல அந்த தூரம் இருக்கும்.

1947 ஆகஸ்ட் 15 காலையில நேரு தலைமையில முதல் அமைச்சரவை பதவி ஏத்தது இங்கதான். ரெண்டு வருஷம் கழிச்சு அதே ஆகஸ்ட் 15ல தேசிய அருங்காட்சியகம் ஆரம்பிச்சதும் இதே வீட்டுலதான், ராஜாஜி திறந்து வச்சார், பின்னாடிதான் அதுக்கு தனி கட்டடம் வந்துச்சு. முகப்புத் தூண்களுக்கு நடுவுல நிக்கற ராம்பூர்வா காளையை தவறவிடாதீங்க, அசோகர் காலத்து கல்லு, கிறிஸ்து பிறக்கறதுக்கு மூணு நூற்றாண்டுக்கு முன்னாடி. அதோட வழவழப்பை பாத்துட்டு பக்கத்துல 1920கள்ல செதுக்கின கல்லை பாருங்க.

அசோக் மண்டபத்துல கூரை முழுக்க ஓவியம், பாரசீக மன்னர் ஃபத் அலி ஷா மகன்களோட வேட்டைக்கு போற காட்சி. அது ஆரம்பத்துல டான்ஸ் ஆடற ஹால், அதனாலதான் மரத் தரை. உண்மையைச் சொன்னா இந்த அறை எனக்கு அவ்ளோவா ஒட்டல, வீட்டோட மத்த இடத்துல இருக்கற அடக்கம் இங்க இல்ல, ஓவியம் லுட்யன்ஸ் போட்ட பிளான்லயும் வராது, 1930கள்ல லேடி வில்லிங்டன் காலத்துல சேத்தது. விருந்து ஹால்ல 104 பேர் உக்காரற ஒரே நீள மேஜை இருக்கும், செவுத்துல முன்னாள் ஜனாதிபதிங்க படம், நம்ம ராதாகிருஷ்ணன், ஆர்.வெங்கட்ராமன், கலாம் எல்லாரையும் தேடிப் பிடிக்கலாம். படத்துக்கு மேல சின்ன விளக்குங்க இருக்கும், எப்ப பரிமாறணும், எப்ப தட்டு எடுக்கணும்னு சப்ளை பண்றவங்களுக்கு சிக்னல் குடுக்கறதுக்கு.

படிக்கட்டு ஒண்ணு இருக்கு, மேல கூரையே இல்லாம வானத்தை பாத்து திறந்தபடி. நம்ம ஊர் முற்றம் வச்ச வீட்டுல வளந்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். கைடு நிக்காம போனா நீங்க ஒரு நிமிஷம் நின்னு அண்ணாந்து பாத்துட்டு போங்க.

ராஜாஜி 1948 ஜூன்ல கவர்னர் ஜெனரலா இந்த வீட்டுக்கு வந்தப்ப வைஸ்ராய் படுத்த பெரிய அறைகள் வேண்டாம்னுட்டு, விருந்தாளிங்களுக்கு இருந்த பகுதியில சின்ன அறையா பாத்து எடுத்துக்கிட்டார். அதுக்கப்புறம் வந்த ஜனாதிபதிங்களும் அந்த பக்கத்துலயே இருந்துட்டாங்க, வைஸ்ராய் அறைங்க வெளிநாட்டு விருந்தாளிங்களுக்குன்னு ஆயிடுச்சு. ஒரு செங்கல்லை கூட இடிக்காம வீட்டோட அர்த்தத்தை மாத்தினது இதுதான்னு எனக்கு எப்பவும் தோணும்.

தோட்டம் திறந்திருந்தா பின்னாடி போங்க, 2023ல இருந்து அம்ரித் உத்யான்னு பேரு. பூவை மட்டும் பாக்காம திரும்பி நின்னு வீட்டோட மேற்கு முகத்தையும் பாருங்க, நிறைய பேர் திரும்பறதே இல்ல.

70 கோடி செங்கல், 30 லட்சம் கன அடி கல்லு, இரும்பு ரொம்ப கம்மி. இதை சொன்னப்ப சித்தப்பா எதுவும் பேசல, நடந்துட்டே இருந்தவர் கொஞ்ச நேரம் கழிச்சு "அவ்ளோ செங்கல்லையும் யாரோ தலையில தூக்கியிருக்காங்கல்ல"ன்னார். கட்டினவங்க பேர்னு பாத்தா ஆர்கிடெக்ட், இன்ஜினியர், கான்ட்ராக்டர் பேரோட நின்னுடும். இந்த மேட்டுலயும் சுத்தியும் மால்ச்சா மாதிரி கிராமங்க இருந்துச்சு, நிலத்தை எடுத்துக்கிட்டு ஜனங்களை கிளப்பிட்டாங்க. வெளிய வர்றப்ப சுத்துச் சுவரோட அடியில கல் யானைங்க நிக்கும், அதுக்கிட்ட ஒரு நிமிஷம் நில்லுங்க, உளி பட்ட வேலையை கிட்ட பாக்கலாம், யார் செதுக்கினாங்கன்னு எங்கயும் எழுதியிருக்காது.

திரும்பறப்ப மேட்டுல இறங்கும்போது நாலு தடவையாவது திரும்பிப் பாருங்க, காலையில எழுந்து நின்ன வீடு இப்ப படிப்படியா உக்காரும். தெம்பு இருந்தா சாயங்காலம் வரைக்கும் அந்தப் பக்கமே சுத்திட்டு, சூரியன் இறங்கற நேரத்துக்கு பழையபடி நாவல் மரத்தடிக்கு வந்துடுங்க. காலையில தெரிஞ்ச சிவப்பு, க்ரீம், தூண், நிழல் எதுவுமே இருக்காது, வானம் ஆரஞ்சா இருக்க அதுல குவிமாடம் மட்டும் கருப்பா நிக்கும். நாங்க அன்னைக்கு புல்லுல உக்காந்து அதை பாத்துட்டு இருந்தோம், சித்தப்பா கட்டைவிரலை நீட்டி அளவு பிடிச்சார், "காலையில இருந்த அளவேதான்டா"ன்னு சொல்லிட்டு செருப்பை மாட்டினார்.